பேரும் தேதியும்

காலை ஏழு மணிக்கு, ஏரிக்கு நடைவழி தொடங்கும் ஓடை முகப்பில் இருந்த பதிவுத்தாளில் வெர்னா எழுதியபோது பேனா தாளைக் கிழித்தது. அவ்வளவு கோபம். பெயர்: வெர்னா. ஆட்கள்: ஒன்று. வழிநடத்துபவர் என்ற கட்டத்தில் வெறும் கோடு.

பதினெட்டு வருடங்களாக அந்தக் கட்டத்தில் அவள் பெயர்தான் இருந்தது. முந்தாநாள் நடைச் சங்கக் கூட்டத்தில் செயலாளர் ஹார்லன் எல்லோர் முன்னாலும் அவள் தேய்ந்துபோன முட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சனிக்கிழமை பன்னெண்டு பேரக் கூட்டிட்டுப் போகப் போறது நீயா? முதல்ல தனியா ஏரி வரைக்கும் இறங்கி, மத்தியானம் மூணு மணிக்குள்ள ஏறி வந்து காட்டு தாயே. அப்புறம் பாக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு வயது அறுபத்தாறு, இவளைவிட நான்கு கூட. அவன் முட்டியை எவன் பார்த்தான்?

வறண்ட மணல் ஓடையில் கால் புதையப் புதைய நான்கு மைல் நடந்தாள். மலையிடுக்கு தொடங்கும் இடத்தில், கயிறு கட்டிய முதல் பாறைக்குக் கீழே, நிழலில் ஒரு கேன் தண்ணீரை ஒளித்து வைத்தாள். கேன்மேல் கறுப்பு மையில் பெரிதாகப் பெயர், அடியில் சின்னதாக அன்றைய தேதி. அந்தப் பாலைவனத்தில் எல்லோரும் செய்வதுதான். பெயர் எழுதிய கேனைக் குடிகாரன்கூடத் தொடமாட்டான். அதை நம்பித்தான், ஏறும்போது முட்டிக்குச் சுமை வேண்டாம் என்று ஒரே ஒரு பாட்டிலோடு இறங்கினாள்.

ஏரி இந்த வருடமும் வற்றியிருந்தது. வெடித்த சேற்றைக் கடந்து போய்க் காலை நனைத்தாள். அங்கேயும் நிம்மதி இல்லை, மனதுக்குள் ஹார்லனைத் திட்டிக்கொண்டே இருந்தாள். பாட்டிலில் தண்ணீரை வடிகட்டி நிரப்பிக்கொண்டு திரும்பினாள். கயிறுகளைப் பிடித்து, முட்டி கதறக் கதற, ஒரு மணிக்கு முதல் பாறைக்கு வந்தாள். இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

கேனைக் காணவில்லை. மணலில் ஈரத் திட்டு மட்டும் இருந்தது. தேனீக்கள் அதில் மொய்த்துக்கொண்டிருந்தன.

யாரோ குடித்திருந்தால்கூட வயிறு எரிந்திருக்காது. கொட்டியிருக்கிறார்கள்! பாட்டிலில் பாதிதான் மிச்சம். பூட்ஸ் தடம் மேலே போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த வெயிலில் அவளை நடத்தியது கோபம்தான்.

ஒரு மைல் தாண்டி, பாறை மறைவில் ஹார்லன் சரிந்து கிடந்தான். முகம் செக்கச் செவேலென்று இருந்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. பக்கத்தில் குப்பை மூட்டை. அதன் உச்சியில், நசுங்கிப்போய், அவள் கேன்.

"யோவ், பேரு எழுதியிருந்துச்சே, பாக்கல?"

"பேரப் பாத்தேன் வெர்னா. தேதி தெரியல... கண்ணாடி வண்டியில இருக்கு. சனிக்கிழமைக்கு முன்னாடி வழியச் சுத்தம் பண்ண வந்தேன், பழசுன்னு நெனச்சுக் கொட்டிட்டேன். சங்கத்துல விதி இருக்குல்ல, குப்பை எதையும்..."

"உன் தண்ணி எங்க?"

"அப்பவே தீந்துடுச்சு."

அவனைத் தாண்டி நடந்தாள். நிஜமாகவே நடந்தாள், நாலு எட்டு. பிறகு, தன்மேலேயே எரிச்சலோடு, திரும்பி வந்தாள்.

"மூணு மடக்கு. நாலாவது குடிச்ச, பல்லைத் தட்டிடுவேன்."

குடித்தான். அவன் கழுத்துத் துணியையும் கொஞ்சம் நனைத்தாள். மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு எழுந்தவனைத் தடுத்தாள். "மூட்டை கிடக்கட்டும். என் கேனைத் தூக்கிட்டு வா."

அவனை நிழலுக்கு நிழல் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு மடக்கு என்று அளந்து கொடுத்து, முகப்புக்கு வந்தபோது நாலு இருபது. மூன்று மணி எப்போதோ போய்விட்டது.

வண்டியில் இருந்த தண்ணீரைக் குடித்ததும் ஹார்லனுக்குக் குரல் வந்தது. "சனிக்கிழமை நீயே கூட்டிட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இன்னிக்கு நடந்தது மட்டும் நமக்குள்ள இருக்கட்டும், என்ன?"

வெர்னா பேனாவை எடுத்தாள். பதிவுத்தாளில் காலையில் போட்ட கோட்டின்மேல் அழுத்தி எழுதினாள். வழிநடத்துபவர்: வெர்னா. ஆட்கள்: இரண்டு. திரும்பிய நேரம்: 4.20. குறிப்பு: செயலாளர் ஹார்லன் என் தண்ணீரைக் கொட்டினார். என் தண்ணீரைக் குடித்து மேலே வந்தார்.

"ஐயோ, என்ன எழுதுற? சனிக்கிழமை எல்லாரும் பாப்பாங்களே!"

"கண்ணாடியப் போட்டுட்டு நீயும் படி," என்றாள் வெர்னா. "தேதியும் போட்டிருக்கேன்."