கடல் மேல் பெல்ட் கூடாது

எங்கள் ஹீயுமா தீவில் பிரசவம் பார்க்க வசதியில்லை. நாள் நெருங்கும்போதே கடலைத் தாண்டி மறுகரைக்குப் போய், மருத்துவமனைக்குப் பக்கத்தில் யார் வீட்டிலாவது காத்திருக்க வேண்டும். அந்தப் பிப்ரவரியில் கடல் நன்றாக உறைந்து, அதன் மேல் வண்டி போகச் சாலை திறந்துவிட்டிருந்தார்கள். படகோ பனியில் சிக்கித் தாமதமாகிக்கொண்டே இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முந்தைய நாளிலிருந்தே இடுப்பில் ஏதோ சுருக்சுருக்கென்றது.

வண்டியிலேயே கிளம்பிவிட்டோம். பனிச்சாலையின் முனையில் காவல் நிற்கும் ஹெல்தூர் என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"பெல்ட்டக் கழட்டு, லீலோ. பனி ஒடைஞ்சா ஒடனே கதவத் தொறந்து குதிக்கணும்."

"இந்த வயித்த வச்சுக்கிட்டு நான் எங்க குதிக்கிறது?"

"நீ குதிக்க வேணாம். ஒம் புருஷன் தள்ளிவிடுவான்."

ரீஹோவுக்கு ஒரே சிரிப்பு. அவன் தீவுக்காரன், இதெல்லாம் அவனுக்குப் பழக்கம். நான் தார்த்து நகரத்தில் வளர்ந்தவள், பெல்ட் இல்லாமல் உட்கார்ந்தால் துணியில்லாமல் உட்கார்ந்த மாதிரி கூசும். இருவரும் கழற்றியதும், பெல்ட் போடு என்று வண்டி கூவத் தொடங்கியது. ரீஹோ ஒரு பெட்டியிலிருந்து இரண்டு இரும்பு நாக்குகளை எடுத்தான். உடைத்த பழைய வண்டிகளின் பெல்ட்டிலிருந்து அறுத்தவை. அவற்றை எங்கள் இருக்கைகளின் இரண்டு பெல்ட் பூட்டிலும் செருகினான். பெல்ட் போட்டாயிற்று என்று நம்பி வண்டி வாயை மூடிக்கொண்டது.

"இத மொதல்ல தூக்கிப் போடு," என்றேன்.

"கரை வரைக்கும் அது கத்துறதக் கேக்க முடியுமா? நீ கத்துறது பத்தாதா?"

சக்கரத்துக்கு அடியில் பனி முனகிக்கொண்டே வந்தது. கை தானாக நெஞ்சுக்குப் போய், அங்கே வார் இல்லையென்று திரும்பி வந்தது. கரை தெரிகிறதா என்று ரீஹோவை நச்சரித்தேன். அவன் பிள்ளைக்குப் பெயர் வைப்பதைப் பற்றி ஓயாமல் பேசினான். பாதிக் கடலில் இடுப்பு வலி முதுகைச் சுற்றி முன்னால் வந்தது. இது சும்மா வலியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கரை ஏறியதும் என் பூட்டிலிருந்த நாக்கைப் பிடுங்கிப் பின்னால் எறிந்துவிட்டுப் பெல்ட்டை மாட்டினேன். ரீஹோ ஒரு பார்வை பார்த்தான். வண்டியை ஓரங்கட்டி இறங்கி, என் பக்கம் வந்து கதவைத் திறந்தான்.

"இது என்ன, பொட்டலம் கட்டுன மாதிரி?"

கனத்த கோட்டுக்கு மேலே, வயிற்றின் நட்டநடுவில் கீழ்வார் கிடந்தது. கழுத்தை அறுக்கிறதென்று மேல்வாரை அக்குளுக்கடியில் விட்டிருந்தேன்.

"வலிக்குதுடா. பேசாம வண்டிய எடு."

"கோட்டக் கழட்டு."

"குளிருது."

"மேல போத்திவிடுறேன். கழட்டு, லீலோ."

கழற்றவைத்துத்தான் விட்டான். கீழ்வாரை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பில் படியும்படி இறக்கினான். மேல்வாரைத் தோளில் ஏற்றி, மார்புக்கு நடுவே கொண்டுவந்து, வயிற்றின் பக்கவாட்டில் விட்டான். தொய்வில்லாமல் இழுத்துவிட்டு, இருக்கையையும் பின்னால் தள்ளினான். அதற்குள் இன்னொரு வலி வந்தது. நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் கோட்டைப் போர்த்திவிட்டு, சுற்றி ஓடி வந்து ஏறி வண்டியைக் கிளப்பினான்.

இருபுறமும் காடு. வேகமாகப் போ என்றும் சொன்னேன், மெதுவாகப் போ என்றும் சொன்னேன். வலி விட்ட ஒரு நொடியில் அவன் பக்கம் திரும்பினேன். அவனுடைய நீலச் சட்டையின் மேல் எதுவும் இல்லை. அவன் பக்கத்துப் பூட்டில் அந்த இரும்பு நாக்கு செருகியபடியே இருந்தது.

"ரீஹோ, ஒன் பெல்ட்..."

மரங்களுக்கு நடுவிலிருந்து காட்டுமான் ஒன்று, குதிரை உயரம் இருக்கும், சாலைக்கு வந்து நின்றது. அவன் பிரேக்கை மிதித்து வண்டியைத் திருப்பினான். வண்டி பைன் மரத்தில் மோதி நின்றது. இடுப்பெலும்பில் வார் அப்படி இறுக்கியது, உயிரே போகிறதென்று நினைத்தேன். பிறகு உள்ளே ஓர் உதை விழுந்தது, இன்னொன்றும் விழுந்தது. நான் அழுதுகொண்டே அவனைக் கூப்பிட்டேன். அவன் ஸ்டியரிங்கின் மேல் சரிந்து கிடந்தான்.

மறுநாள் மருத்துவமனையில் மகள் பிறந்தாள். சாயங்காலம் அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. இரண்டு கையிலும் மாவுக்கட்டு. அவன் உயிரோடு வந்ததே போதுமென்று இருந்தது. அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது.

"எனக்கு அவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்டுவிட்டியே. ஒனக்கு என்னடா கேடு?"

"வண்டி கத்தல, லீலோ," என்றான். "போட்டுட்டேன்னே நெனச்சேன்."

பிறகு மகளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அவளக் குடேன்."

கொடுத்தால் வாங்க அவனுக்குக் கையில்லை. கட்டிலிலிருந்து இறங்கி அவளை அவன் கன்னத்தோடு சேர்த்து வைத்தேன். அவள் நழுவிவிடாமல் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.