உப்புப் பார்க்க ஆளில்லாத வெள்ளிக்கிழமை

உப்புப் போட்டேனா இல்லையா என்ற சந்தேகம் காலை பத்து மணிக்குத்தான் வந்தது. அதற்குள் ஸ்லோ குக்கரில் இரண்டு கிலோ மாட்டு விலா எலும்பு ஐந்து மணித்தியாலமாக வெந்துகொண்டிருந்தது.

அன்று ஒன்பதாம் நோம்பு. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டை முடித்த கையோடு எலும்புக்கு மிளகு, சீரகம், மிளகாய்த்தூள், கறுவாத்தூள் எல்லாம் பூசி அடுக்கினேன். உப்புப் போத்தலை எடுத்த நேரம் பார்த்து என் கணவர் ஹாஷிம், "ஆதிபா, பாங்கு சொல்லப் போறாங்க, தண்ணி குடிச்சாச்சா?" என்று கூப்பிட்டார். ஓடிப்போய்க் குடித்தேன். சுபஹ் தொழுதேன். வந்து மூடியைப் போட்டு, மெல்லிய சூட்டில் வைத்தேன். இடையில் உப்பு என்ன ஆனது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

வேறு நாளாக இருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். உப்பில்லாவிட்டாலும் ஹாஷிம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். அன்று நோம்பு திறக்க ஹாஷிமின் உம்மா, என் மாமி, வருவதாக இருந்தது.

கலியாணம் முடித்து நான்கு வருடமாகியும் பிள்ளை இல்லை. போன வருடக் கடைசியில் பொரளையில் ஒரு டொக்டரிடம் போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு, ஹார்மோன் சீரில்லை, மாதவிடாய் வராதது அதனால்தான் என்றார். சோறு, பாண், சீனி எல்லாவற்றையும் நன்றாகக் குறைத்து இறைச்சி, முட்டை, மரக்கறி சாப்பிடச் சொன்னார். நோம்பும் பிடிக்கலாம் என்றார். மூன்று மாதமாக நான் அப்படித்தான் சாப்பிடுகிறேன். கல்கிசையில் இருக்கும் என் மாமி ஜவாஹிறாவுக்கு அது பட்டினி கிடப்பதாகத் தெரிந்தது.

"சோறு தின்னாத வயித்துல புள்ள எப்பிடித் தங்கும்?" என்று புதன்கிழமை போனில் கேட்டார். "நான் வெள்ளிக்கு வந்து பாக்கியன், நீ என்னதான் சாப்பிடியாய் எண்டு. சரியில்லாட்டிப் பெருநாளோட ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. மேல் வீடு சும்மாதானே ஈக்குது."

ஹாஷிம் தாய்க்கு மறுப்புச் சொல்லத் தெரியாதவர். "உம்மா ஒருக்கா வந்து பாக்கட்டுமே" என்று முடித்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் இரண்டாம் மாடியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் வெளியே நிற்க வேண்டிய ஒரு குசினி எனக்கு இருக்கிறது. அதை விட்டுக் கல்கிசைக்குப் போனால் மூன்று வேளையும் நெய்ச்சோறுதான். நினைக்கவே எனக்கு எரிச்சல் வந்தது.

அதனால்தான் இந்த விலா எலும்பு. என் அண்ணன், ஷிராஸ் நானா, டோஹாவிலிருந்து கொண்டுவந்த குக்கரோடு ஒரு சமையல் புத்தகமும் வந்தது. அதில் பார்பிகியூ சோஸுக்கு ஒரு கோப்பை சீனி போடச் சொல்லியிருந்தது. நான் அதற்குப் பதிலாக வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, தக்காளியும் வினாகிரியும் சேர்த்து வற்றவைத்திருந்தேன். பட்டினி கிடப்பவளின் மேசையில் இப்படி ஒரு சாப்பாடு இருக்குமா என்று மாமி வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்பது என் வைராக்கியம். உப்பில்லாமல் போனால் வைராக்கியத்தை ஊறுகாய்தான் போட வேண்டும்.

நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோம்பு முறியாது என்பார்கள். பசியோடு இருக்கிற என்னை நான் நம்பவில்லை. ஒரு பீங்கானில் கொஞ்சம் குழம்பை ஊற்றிக்கொண்டு எதிர் வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் அன்ரியின் கதவைத் தட்டினேன்.

"அன்ரி, உப்பு மட்டும் ஒருக்காப் பாத்துத் தாங்க."

அன்ரி பீங்கானை ஆசையோடு பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை, இண்டைக்கு வெள்ளி எல்லோ. தவக்காலத்து வெள்ளியில நான் இறைச்சி வாயில வைக்கிறேல்ல."

"அப்ப மேல் மாடி சுபோதினியக் கேப்பமா?"

"அவவுக்கும் வெள்ளி மரக்கறி. அதோட இது மாடு. போய்ப் பேச்சு வாங்காதீங்கோ."

இருவரும் வாசலில் நின்று சிரித்தோம். மூன்று மாடிக் கட்டடத்தில் உப்புப் பார்க்க ஒரு நாக்கு இல்லை. அன்ரி பீங்கானை மூக்கருகே கொண்டுபோய் மூன்று தரம் மணந்துவிட்டு, "உப்புப் போட்ட மணம்தான். பயப்பிடாதீங்கோ" என்றார். முப்பது வருடம் சமைத்தவர், அவருக்குத் தெரியாதா என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டு வந்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு லேசாக அடிவயிறு வலித்தது. பசி என்று நினைத்தேன். குளியலறைக்குப் போனபோது இரத்தம்.

ஏழு மாதத்துக்குப் பிறகு.

அப்படியே சுவரில் சாய்ந்து அழுதேன். மாதம் தப்பாமல் வருகிறவர்களுக்கு இதில் அழ என்ன இருக்கிறது என்று தோன்றும். நாற்பத்தைந்து நாள், அறுபது நாள் என்று எண்ணி, பிறகு எண்ணுவதையே விட்டவளுக்குத்தான் அது தெரியும். அந்த நாட்களில் பெண்களுக்கு நோம்பும் இல்லை, தொழுகையும் இல்லை. போன வருடம் முப்பது நோம்பில் ஒன்றைக்கூட நான் விடவில்லை. மாமி அதை எண்ணியிருக்கிறார். இருபத்தெட்டாம் நோம்பன்று போன் எடுத்து, "ஒண்டும் தவறல்லையே மகள்?" என்று குரலில் தேன் ஒழுகக் கேட்டார். பெருநாளன்று குடும்பமே வட்டிலப்பத்தோடு வந்து என் வயிற்றைப் பார்த்தது. அப்படி ஒன்றுமில்லை என்று நான் சொன்னதும் மாமி குசினிக்குள் போய் அழுதார். எனக்கு அவர்மேல் கோபம். அவர் அழுததைப் பார்த்ததால் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் உறைத்தது. என் நோம்பு முறிந்துவிட்டது. இந்தக் கட்டடத்திலேயே இப்போது உப்புப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

மூடியைத் திறந்து ஒரு துண்டு எடுத்தேன். எலும்பைத் தொட்டதும் இறைச்சி தானாகக் கழன்று வந்தது. வாயில் வைத்தேன். ஒரு கல் உப்பு இல்லை! அன்ரியின் மூக்கை நினைத்துத் தனியே நின்று சிரித்தேன். சோஸில் உப்பைக் கரைத்து, எலும்பின் மேல் ஊற்றி, இன்னும் இரண்டு மணித்தியாலம் விட்டேன். பிறகு ஓவனில் வைத்து மேலே லேசாகக் கருக விட்டேன்.

மாமி பெரிய பாத்திரம் நிறைய நெய்ச்சோற்றோடு வந்தார். பாங்கு சொன்னதும் அவரும் ஹாஷிமும் பேரீச்சம்பழம் கடித்து நோம்பு திறந்தார்கள். நானும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஹாஷிம் பள்ளிவாசலுக்குப் போனார். மாமி அறையில் இரண்டு தொழுகைப் பாயை விரித்தார்.

"வா மகள், மஃரிபைத் தொழுதுட்டுச் சாப்பிடுவம்."

"நீங்க தொழுங்க மாமி."

திரும்பிப் பார்த்தார். விளங்கிவிட்டது. முகம் வாடியது. இன்னும் ஒரு மாதம் வீண் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. வழக்கமாக அந்த முகத்தைக் கண்டால் நான் குசினிக்குள் போய்விடுவேன். அன்று போகவில்லை.

"ஏழு மாசம் வரவே இல்ல மாமி. போன நோம்பு முப்பதும் புடிச்சதும் இப்பிடி வராம இருந்ததாலதான். டொக்டர் சொன்ன மாதிரிச் சாப்பிட்டன். இண்டைக்கு வந்தீக்குது."

மாமி குனிந்து இரண்டாவது பாயைச் சுருட்டி வைத்தார். அன்று நெற்றியை நிலத்தில் வைத்த அவருடைய ஸுஜூது நீண்டது. எழுந்து வந்தபோது கண் சிவந்திருந்தது.

ஹாஷிமும் வந்த பிறகு, மேசையில் முதல் எலும்பை மாமி எடுத்துக் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றார்.

"உப்பு அளவா ஈக்குது. நோம்போட யார் பாத்துத் தந்த?"

"நான்தான் மாமி. மூணு மணிக்குப் பொறகு."

மாமியின் வாய் கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அவர் கொண்டுவந்த நெய்ச்சோற்றுப் பாத்திரத்தை மூடி ஹாஷிமின் பக்கம் தள்ளினார். இருந்த எலும்புகளிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்து என் பீங்கானில் வைத்தார்.

"பெருநாளைக்குக் கல்கிசைக்கு வாங்க," என்றார். "இத ஆக்கிக்கொண்டு வா. சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் உங்கட வீட்டுக்குப் போங்க."