பியட் கிளம்பாத சாயங்காலம்

ஆவடி குவார்ட்டர்ஸில் ஜேசுராஜின் பியட் கார் வேப்பமரத்தடியிலேயே ஒரு மாதமாக நின்றது. அவர் கடைசியாக நிறுத்திய இடம் அது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவர் மனைவி ஞானகுமாரி, மெக்கானிக் வரதனுக்கு ஆள் அனுப்பினாள். காரைச் சரிசெய்ய அல்ல. தப்பை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்க.

"நீ சர்வீஸ் பண்ணிட்டுப் போன மறுநாள்தான் அவருக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டு குணசேகரன் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். கிளம்பலை. நான் ஆட்டோ தேடி ஓடி வர்றதுக்குள்ள... நீயே பாரு, என்ன பண்ணி வெச்சேன்னு."

"பாக்கத்தான்க்கா வந்துகீறேன். டீக்கடைல என்னை எமன்னு கூப்புடுறானுங்க." வரதன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

வேறு பேட்டரி மாட்டி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். பெட்ரோல் துடைத்த துணியைத் தூரத் தள்ளினான். "இங்க நிக்காதீங்க, ஒயரு தூக்கி அடிக்கும். உள்ள குந்தி, நான் சொல்றப்போ சாவியத் திருப்புங்க."

அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அது அவர் உடம்புக்கு ஏற்ப அமிழ்ந்திருந்தது.

ரப்பர் பிடி போட்ட குறட்டால் ப்ளக் ஒயரைப் பிடித்து இன்ஜின் பக்கம் காட்டினான். பொறி இல்லை. பிறகு காயிலிலிருந்து வரும் ஒயரைக் காட்டினான். நீலமாகச் சொடுக்கியது.

"காயிலு நல்லா கீது. கரண்டு வருது, ப்ளக்குக்குப் போவல." முனகிக்கொண்டே, ஒயர்கள் வந்து சேரும் மூடியைக் கழற்றியவன், நிமிரவே இல்லை.

"என்னடா?"

"ரோட்டரு இல்லக்கா. கரண்ட ப்ளக்குங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கிற சாமான், கட்டவிரல் சைசு. நான் மாட்டித்தான் வெச்சேன். அது இல்லாம யாரு திருகினாலும் கெளம்பாது." குரல் இறங்கியது. "அயனம்பாக்கத்துல ரெண்டு காரு திருடு போச்சில்ல? வண்டிய நிறுத்தினா அதக் கழட்டி சட்டைப் பைல போட்டுக்க அண்ணாத்தேன்னு அன்னிக்கு நான்தான் சொல்லிட்டுப் போனேன்."

ஞானகுமாரி காரிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போனாள்.

நெஞ்சுவலி வந்த அன்று, வேலையிலிருந்து வந்து காரை நிறுத்திவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சரிந்தார். பேச்சு வரவில்லை. நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினார். வலியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அந்தக் கையை இழுத்துத் தன் கைகளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள். அவர் உருவப் பார்த்தார். அவள் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவிழ்த்துக் கொடுத்த சட்டை, அவர் வாசனை போய்விடுமே என்று துவைக்காமல் பீரோவில் இருந்தது. அதன் நெஞ்சுப் பையில் ஜெபமாலையோடு சிக்கிக் கிடந்தது ரோட்டர்.

வரதன் அதை வாங்கி மாட்டினான். அவள் மறுபடி உள்ளே உட்கார்ந்தாள். "திருப்புங்கக்கா."

முதல் திருகலிலேயே கிளம்பியது.

ஒரு மாதமாக அவன்மேல் சுமந்த கோபத்தை இனி எங்கே இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கார் குலுங்கிக்கொண்டு நின்றது. பானெட்டை மூடிவிட்டு வரதன் ஜன்னலோரம் வந்தான்.

"பெட்ரோலு வீணாப் போவுதுக்கா. நிறுத்துங்க."

அவள் சாவியைத் தொடவில்லை.