நான்கு நொடி குறைகிறது

மார்வா வோசிக் தன் முதல் வாதக் கட்டுரையை நாற்பத்தொன்பதாவது வயதில் எழுதினாள். நெப்ராஸ்காவில் ஒரு தானியக் கிடங்கின் எடைமேடையில் லாரிகளை எடை போட்டுச் சீட்டு எழுதுவது அவள் வேலை. மேலாளராக வேண்டுமானால் கல்லூரிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்காகச் சனிக்கிழமை காலைகளில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கட்டுரை சொல்லிக்கொடுத்த கெல்வின் ட்ராஸ்க்குக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது.

"உங்களை உறுத்துற விஷயத்தை எடுத்துக்குங்க. யார் மனசை மாத்தணுமோ அவங்களுக்கே எழுதுங்க" என்று சொல்லியிருந்தான்.

மார்வா ஒன்பதாம் சாலை லெவல் கிராசிங்கைப் பற்றி எழுதினாள். இரண்டு வருடத்துக்கு முன் அங்கேதான் அவள் மகன் வேட் சரக்கு ரயிலில் அடிபட்டுச் செத்தான். பத்தொன்பது வயது. அந்த இடத்தில் கேட் இல்லை, விளக்கில்லை. நிற்கச் சொல்லும் பலகை ஒன்றுதான். கேட் போடுங்கள் என்று, மாவட்டம் போன்ற கவுண்டியை நிர்வகிக்கும் குழுவுக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் கெல்வின் அவளை இருக்கச் சொன்னான்.

"படிக்கிறப்போ மனசு கலங்குதுங்க. ஆனா குழுவில இருக்கிறவங்க இதைப் படிச்சிட்டு என்ன சொல்வாங்க?"

"பாவம்னு சொல்வாங்க."

"அப்புறம்?"

மார்வா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அவங்க பக்கமும் ஒரு வாதம் இருக்கும்ல. அதை நீங்களே எழுதணும். அவங்க சொல்றதைவிட நல்லா எழுதணும். அப்பதான் உங்க பதிலுக்குக் காது கொடுப்பாங்க."

"அந்த வாதம் என்னன்னு தெரியுமா, சார்?" அவள் குரல் தாழ்ந்தது. "என் பையன் நிக்கலை. ஷெரிப் அறிக்கையில இருக்கு. ரயில் ஹாரன் அடிச்சிருக்கு, இவன் முந்திடலாம்னு வண்டியை விட்டிருக்கான். அதை என் கையால எழுதச் சொல்றீங்க."

கெல்வினின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்குத் தெரியாதுங்க. வேற தலைப்பு எடுத்துக்கலாம்."

அவள் காகிதங்களைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. இரண்டு வருடமாகச் சுற்றுவழியிலேயே போய்வந்தவள், அன்று காரை நேரே ஒன்பதாம் சாலைக்கு விட்டாள். பலகைக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தினாள். இருபக்கமும் மக்காச்சோளம் காரின் கூரையைத் தாண்டி நின்றது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் மூன்று ரயில்கள் போயின. சோளத்துக்குப் பின்னாலிருந்து எஞ்சினின் மூக்கு தெரிவதற்கும் அது சாலையை அடைவதற்கும் இடையே ஏழு நொடி. மூன்று தடவையும் ஏழுதான்.

அவள் எடைமேடைக்கு வழக்கமாக வரும் ஸ்டான் டுஸெக்கின் தானிய லாரி வந்து பலகையருகே நின்றது. ஸ்டான் எட்டிப் பார்த்தான்.

"என்ன மார்வா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்ல. நீ எப்பவும் போல போ."

"இந்த லோடை வச்சுக்கிட்டு வேற எப்படிப் போறது" என்று சிரித்தபடி அவன் கியரைப் போட்டான். முப்பத்தாறு டன். கடைசிச் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டப் பதினொரு நொடி ஆனது. ஸ்டான் நின்றான், பார்த்தான், எல்லாம் முறைப்படி செய்தான். அவன் கிளம்பியபின் ரயில் தெரிந்திருந்தால் அவனுக்கும் அந்த ஏழு நொடி போதாது.

மறுநாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து மாற்றி எழுதினாள். கணவன் லெனர்ட் அந்த முதல் வரியை மட்டும் படித்தான்.

"இதை ஊர் முன்னால படிக்கப் போறியா?"

"ஆமா."

"செத்தவனை நீயே கூண்டுல ஏத்துறே."

"நான் ஏத்தலை, லென். அவங்க எப்பவோ ஏத்தியாச்சு. நான் சொல்லலைன்னா அதை மட்டுமே சொல்லிட்டு எழுந்து போயிடுவாங்க."

அவன் பின்புறக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை குழு கூடியது. லெனர்ட் வரவில்லை. கெல்வின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். தலைவர் ஹாஸ்கெட் ஷெரிப் அறிக்கையை எதிரில் விரித்து வைத்திருந்தார். அதில் ஒரு வரிக்கு மஞ்சள் மை பூசியிருந்தது. மார்வா படித்தாள்.

"என் மகன் நிற்கவில்லை. நின்றிருந்தால் இன்று உயிரோடு இருப்பான். பார்த்து ஓட்டுவது ஓட்டுகிறவர் பொறுப்பு என்று நீங்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. நான் ஒழுங்காக நிற்பவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அறுவடைக் காலத்தில் நாளுக்கு நாற்பது லாரி அந்த வழியாக என் எடைமேடைக்கு வருகிறது. ரயில் கண்ணில் பட்டபின் ஏழு நொடி இருக்கிறது. தாண்டுவதற்குப் பதினொரு நொடி வேண்டும். நின்று பார்த்துவிட்டுக் கிளம்புகிறவருக்கும் நான்கு நொடி குறைகிறது."

ஹாஸ்கெட் அறிக்கையை மூடினார்.

"சோளத்தை வெட்டிட்டா எத்தனை நொடி கிடைக்கும், மார்வா?"

"தெரியாதுங்க. வெட்டின பிறகு அளந்து சொல்றேன்."

குழுவின் மூன்று பேரில் இருவர் ஆதரித்துக் கை தூக்கினார்கள். ஓரத்துச் சோளத்தை அந்த வாரமே வெட்டுவது, கேட்டுக்கு மாநில அரசிடம் விண்ணப்பிப்பது. யாரும் கைதட்டவில்லை. கேட் வருவதற்கு இன்னும் ஒன்றரை வருடம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்தபோது லெனர்ட் கொட்டகையில் கையில் வேலை எதுவுமில்லாமல் உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னாள்.

"அவனுக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தது நான்" என்றான் லெனர்ட். "ஹாரன் கேட்டா மிதிச்சுத் தாண்டிடுவேன். எத்தனையோ தடவை. பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டிருப்பான்."

மார்வா அங்கே கிடந்த வாளியொன்றைக் கவிழ்த்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.