பாதி ஒளி

லினியாவின் கணினித் திரையோரம் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் இரண்டே சொற்கள்: பாதியாகக் குறை.

தான் எடுத்த ஏரிப் படத்துக்குக் கணினியில் ஒரு நகல் எடுத்து, அதை மங்கலாக்கி, அசலின் மேல் சல்லாத்துணி போலப் போர்த்துவாள். நீரும் மரங்களும் தூக்கத்தில் சிரிப்பதுபோல ஒளிரத் தொடங்கும். சிக்கல் என்னவென்றால், ஐந்து நிமிடத்தில் கண் அதற்குப் பழகிவிடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்கும். அதனால் போதும் என்று தோன்றியதும் எழுந்துபோய் இரண்டு கோப்பைகளைக் கழுவ வேண்டும். திரும்பி வந்து, வைத்த ஒளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். எல்லாப் படங்களுக்கும் அப்படித்தான் செய்தாள். சிகாகோவிலிருக்கும் நண்பன் டெஸ்மண்டுக்கு அனுப்பியவற்றுக்கு மட்டும் ஒருநாளும் குறைத்ததில்லை.

இரண்டு வருடம் அவன் அந்தப் படங்களில் ஏரியின் காலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மினசோட்டாவின் இந்த ஏரிக்கரை ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தான். ஜனவரியில் சேரச் சொல்லிவிட்டார்கள். வருகிறானா இல்லையா என்று இன்று நான்கு மணிக்குள் சொல்ல வேண்டும். ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று காரில் வந்திருந்தான்.

அக்டோபர் கடைசி. வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர்போல இருந்தது. படகுத்துறையில் நின்று டெஸ்மண்ட் வெகுநேரம் பார்த்தான்.

“இதுதானா?”

“இதேதான்.”

“பின்னாடி வேற ஏரி எதுவும் இல்லையே?”

“இருக்கு. அதுவும் இப்படித்தான் இருக்கும்.”

அவன் சிரித்தான். பாதியிலேயே அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

வீட்டுக்குள் காட்டரிசி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டியதும் அவன் மூக்குக்கண்ணாடி சூப்பின் ஆவியில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. துடைக்காமலே ஜன்னலுக்குப் போனான்.

“ஆங், இப்ப வந்துருச்சு பாரு, உன்னோட ஏரி.”

“கிண்டல் பண்ணாத டெஸ்.”

“நிஜமாத்தான். ஒரு பானை சூப்ல முடியுற வேலைக்கு நீ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துருக்க.”

அவள் அடுப்பை அணைத்தாள். “உனக்கு அனுப்புனதுக்கு மட்டும் ஒளியைக் கூடப் போட்டுட்டேன்.”

“எவ்வளவு கூட?”

“ரெண்டு மடங்கு. நீ வரணும்னு.”

அவன் ஸ்வெட்டர் நுனியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். மணி மூன்றேகால்.

“அந்தப் பட்டுப்போன மரத்து மேல என்ன அது, குப்பை மாதிரி?”

“மீன் பிடிக்கிற பருந்தோட கூடு. ஆறு வருஷமா அதே ஜோடிதான்.”

“ஒரு படத்துலகூட இல்லையே?”

“இருந்துச்சு. ஒளியில கரைஞ்சுபோச்சு.”

“இன்னும் எதையெல்லாம் கரைச்ச நீ?”

யாருக்கும் காட்டாத அசல் படங்களை அவள் திறந்தாள். தண்ணீருக்குள் நிற்கும் செத்த மரங்கள். மழைத்துளி குத்திய நீர். துருப்பிடித்த தகரப் படகு. அதன் நடுவில், ஊருக்கே சொந்தக்காரிபோல ஒரு பூனை.

“நில்லு, நில்லு. இது யாரோட பூனை?”

“தெரியாது. தெனமும் வந்து உக்காரும்.”

“இதைப் போயி ஏன் மறைச்ச?”

“அழகா இல்லன்னு நெனச்சேன்.”

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். “நீ அனுப்புனதெல்லாம் அழகுதான் லின். ஆனா அதுக்குள்ள எங்க கால வைக்கிறதுன்னே தெரியாது.” பிறகு கேட்டான்: “பருந்து எங்க இப்ப?”

“தெக்க போயிருச்சு. ஏப்ரல்ல வரும்.”

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவன் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினான். “வகுப்பு ஜன்னல் ஏரிப் பக்கமாங்க?” என்று முதலில் கேட்டான். பதிலைக் கேட்டுக்கொண்டான். “பரவாயில்லைங்க, வர்றேன்.”

லினியா சூப்பை மறுபடி சூடாக்கி அவன் முன் வைத்தாள். குனிந்ததும் கண்ணாடி மீண்டும் பூத்தது. துடைக்கப் போனவனின் கையைப் பிடித்துத் தடுத்து, தன் சட்டைக் கையால் ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டாள். மற்றதை அப்படியே விட்டாள்.