வேண்டாம் என்று அமுக்கிய நாள்

எங்கள் கிளினிக்கின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தது நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அதை இப்போது அவனே மறந்திருப்பான்.

காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் கிளினிக் இது. வாசல் மேஜை என்னுடையது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் போதும், அவன் வைத்த ஃபயர்வால் என்ற காவல் புரோகிராம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடும். பிரின்டர் இணையப் பார்க்கிறது, அனுமதிக்கவா? பரிசோதனை மெஷின் வெளியே தொடர்புகொள்ளப் பார்க்கிறது, அனுமதிக்கவா? கீழே இரண்டு பொத்தான்கள்: சரி, வேண்டாம். எதிரே ஆள் நிற்கிறார், பக்கத்தில் போன் அடிக்கிறது, இதில் நான் ஆற அமரப் படித்துக்கொண்டா இருப்பேன்? கண்ணை மூடிக்கொண்டு 'சரி'யை அமுக்குவேன்.

“அக்கா, ஒருநாள் திருடனே வந்து உள்ள வரலாமான்னு கேப்பான். நீங்க சரின்னு அமுக்கி, நாற்காலி போட்டு உக்காரவும் வைப்பீங்க” என்பான் பூட்டு.

“திருடன் ஒரு தடவைதான் தம்பி கேப்பான். உன் பெட்டி மூச்சுக்கு மூச்சு கேக்குது.”

வருகிறவர்களின் விவரமெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்களில்தான் இருக்கிறது. அவன் பயம் நியாயமானது. அதை அவனிடம் ஒப்புக்கொண்டால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன்.

சும்மா கேட்டால் நான் படிப்பதில்லை என்று அவன் கண்டுபிடித்த வைத்தியம்தான் சத்தம். இனிமேல் ஒவ்வொரு கேள்விக்கும் 'டொய்ங்' என்று ஒலி வரும் என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“வச்சுத் தொலை. ஆனா டாக்டர் ரூம் லேப்டாப்புல மட்டும் வேணாம். அங்க குண்டூசி விழக்கூடாது.”

“அது தெரியாதாக்கா எனக்கு? அதை விட்டுடறேன்” என்றவன், விடவில்லை. எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே கட்டளையாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் அம்மாவோடு ஒரு சிறுமி வந்தாள். மூன்று வயது நிரம்பவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டதில்லை. ஆபரேஷன் செய்து காதுக்குள் வைத்த கருவியை முதன்முதலாக இயக்கப்போகும் நாள். எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு: எந்தக் குழந்தைக்கும் காதில் விழும் முதல் குரல் அதன் அம்மாவுடையதாகத்தான் இருக்க வேண்டும். அதனால் அறைக்குள் யாரும் மூச்சுக்கூடப் பலமாக விடமாட்டோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மரக்கட்டைகளை அடுக்கி விளையாட்டுக் காட்டுவேன். குழந்தையின் கண் என்மேல் இருக்க, அம்மா பின்னாலிருந்து கூப்பிட வேண்டும்.

காதுக்குப் பின்னால் மாட்டிய கருவியிலிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்குப் போனது. டாக்டரம்மா தலையசைத்தார்.

“குட்டி” என்றாள் அம்மா, வாய்க்குள்ளேயே.

குழந்தை கட்டைமேல் கட்டை வைத்தாள். டாக்டரம்மா கருவியின் ஒலி அளவைக் கொஞ்சம் கூட்டினார். மறுபடியும் “குட்டி”. இன்னொரு கட்டை. இன்னும் கூட்டினார். அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சிலருக்கு நாளாகும் என்று முன்பே சொல்லித்தான் அழைத்து வந்திருந்தோம். நான் இன்னொரு கட்டையை எடுத்து நீட்டினேன்.

புதிய அளவை என் மேஜைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிச் சேமிக்க டாக்டரம்மா ஒரு பொத்தானைத் தட்டினார்.

டொய்ங்!

பூட்டின் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று நான் பல்லைக் கடித்த அதே நொடியில், குழந்தையின் கையிலிருந்த கட்டை நழுவியது. விலுக்கென்று லேப்டாப் பக்கம் திரும்பினாள்.

டாக்டரம்மா லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தார்.

“தற்செயலாவும் இருக்கலாம்” என்று என்னிடம் மெல்லச் சொன்னார். “நான் அவ முகத்தைப் பாக்கணும். நீங்க இங்க வாங்க. என்ன கேக்குது அது?”

“சேமிக்க அனுமதிக்கவான்னு கேக்குது” என்றேன், லேப்டாப் முன்னால் போய்ப் படித்து.

“வேண்டாம்னு அமுக்குங்க. திரும்பவும் கேக்கும்ல?”

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 'சரி'யைத் தவிர வேறெதையும் அமுக்காத விரல் இது. குழந்தை மறுபடி கட்டையில் மூழ்கும்வரை காத்திருந்து 'வேண்டாம்' அமுக்கினேன். டொய்ங்! திரும்பினாள். வேண்டாம். டொய்ங்! திரும்பினாள், இந்தத் தடவை வாயெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் சத்தம் அவள் காதிலேயே விழுந்து, திடுக்கிட்டு நிறுத்தி, மறுபடியும் சிரித்தாள். எனக்குக் கண்ணீர் மறைத்தது.

டாக்டரம்மா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள, அவளே மவுஸை அமுக்க ஆரம்பித்தாள். வேண்டாம், டொய்ங், வேண்டாம், டொய்ங்.

கதவு படாரென்று திறந்தது. பூட்டு. மூச்சு வாங்கியது.

“யாரு வேண்டாம் வேண்டாம்னு அமுக்கறது? என் ஸ்கிரீன் பூரா சிவப்பா ஓடுது! எவனோ உள்ள புகுந்துட்டான்னு நினைச்சு…”

“புகுந்தவ இதோ உக்காந்திருக்கா” என்றேன்.

அவன் பார்த்தான். இன்னொரு டொய்ங். இந்த லேப்டாப்பிலும் சத்தத்தை விட்டுவைத்த தன் மறதி புரிந்து, தலையைச் சொறிந்தான்.

“தினமும் வர்ற மெஷினுக்கெல்லாம் இனிமே கேக்காம விடச் சொல்லிடறேன்க்கா. புதுசா எதாவது வந்தா மட்டும்தான் சத்தம். ஆனா அப்போ நீங்க படிச்சிட்டுத்தான் அமுக்கணும்.”

“படிக்கிறேன்.”

“நிஜமா?”

“நிஜமாடா. போ, உன் பயமும் நியாயம்தான்” என்று சொல்லியே விட்டேன். அன்றைக்கு யாருக்கு எதைக் கொடுக்கவும் மனசு தயாராக இருந்தது.

அம்மா மட்டும் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். “பெட்டி கூப்பிட்டா திரும்பறா. நான் கூப்பிட்டா திரும்பலியே” என்றாள்.

“நீங்க எங்கம்மா கூப்பிட்டீங்க? எனக்கே கேக்கல. வாய்விட்டுக் கூப்பிடுங்க” என்றேன்.

“எனக்குப் பழக்கமே இல்லீங்க. எப்பவும் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவேன்.”

டாக்டரம்மா 'சரி' அமுக்கி அளவைச் சேமித்தார். வயரை மட்டும் கழற்றிக் குழந்தையைக் கீழே விட்டார். அவள் கட்டைகளிடம் போய் உட்கார்ந்தாள். அம்மா அவளுக்குப் பின்னால் அறைக்கோடி வரை நடந்து போய், சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“குட்டீ!”

அறையே அதிர்ந்தது. குழந்தை திரும்பினாள். எங்களைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள், கடைசியில் அம்மாவைப் பார்த்தாள். எழுந்து தத்தித் தத்தி நடந்து போனாள். அம்மா மண்டியிட்டாள். குழந்தை ஒரு விரலை நீட்டி, மவுஸை அமுக்கியது போலவே அம்மாவின் உதட்டை அமுக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

“குட்டீ” என்றாள் அம்மா, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும்.

குழந்தை மறுபடியும் அமுக்கினாள்.