கூப்பிடுகிற தூரம்

மருந்துச் சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, ஒரு காலில் செருப்பையும் மாட்டிக்கொண்டாள் அவள். அப்போதுதான் நர்ஸ் கையுறைகளைக் கழற்றிக்கொண்டே அப்பாவின் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"மருந்து தீரப் போகுதுல்ல. ஓடிப் போயி வாங்கிட்டு வந்துடுறேன்."

"அந்த மருந்து இனிமே வேண்டாம்க்கா." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "கால் சில்லிட்டுப் போச்சு. சாயந்தரம் வரைக்கும் தாங்கினாலே பெருசு. பக்கத்துலயே இருங்க. உதட்ட மட்டும் நனைச்சு விட்டுக்கிட்டே இருங்க. நான் இன்னொரு வீட்டுல பேஷண்ட் பாக்கணும், நாலு மணிக்கு வந்துடுறேன்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். லிப்ட் நான்காவது மாடிக்கு வந்து நின்றது, இறங்கியது. இனி வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். தம்பி காரில் வந்துகொண்டிருந்தான். கடைசியாகப் பேசியபோது இன்னும் மூன்று மணி நேரம் என்றான்.

பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிற கணக்கு டீச்சர் அவள். ஆனால் சாவு என்றால் ஈரக்குலை நடுங்கும். துக்க வீடுகளுக்குப் போனால் வாசலோடு திரும்பிவிடுவாள். அதையாவது மன்னிக்கலாம். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே அறையில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, "மாத்திரை வாங்கிட்டு வந்துடுறேன்" என்று வெளியே போனவள் கடைக்குப் போகவே இல்லை. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது அப்பா அம்மாவின் கண்களை மூடிவிட்டிருந்தார். "மாத்திரை கெடைக்கலப்பா" என்றாள். "சரிம்மா" என்றார் அவர். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்தச் "சரிம்மா" ஆறு வருடமாக உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்று ஓடினால் அதற்குப் பிறகு தன் முகத்தைத் தானே பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"பாப்பா."

உள்ளே அப்பாதான். செருப்பை உதறிவிட்டு அறை வாசல் வரைக்கும் போனாள். நிலைக்கு அந்தப் பக்கம் கால் போகவில்லை.

"நர்ஸம்மா போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கப்பா."

"லிப்ட் நம்ம மாடியில ஒரு விரக்கடை தாண்டி நிக்குது. சத்தத்துலயே தெரியுது. கீழ ஆபீஸ்ல சொல்லி வை. யாராவது தடுக்கி விழப் போறாங்க."

"சொல்றேன். நீங்க பேசாதீங்கப்பா."

"பேசாம வேற என்ன பண்ணப் போறேன்."

முப்பத்துநான்கு வருடம் அவர் லிப்ட் மெக்கானிக். லிப்டுக்கு அடியில், கட்டடத்தின் காலடியில் ஒரு குழி இருக்கும். ஆள் உயரம், எண்ணெய் நாற்றம், கும்மிருட்டு. ஒருவர் அதில் இறங்கினால் இன்னொருவர் மேலே சுவிட்சைக் காவல் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். தெரியாமல் யாராவது அதைப் போட்டுவிட்டால் கீழே இருப்பவர் கதை முடிந்தது. அதனால் குழியில் இருப்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "ஆள் இருக்கா?" என்பார். மேலே இருப்பவர் "இருக்கேன்" என்பார். பதில் வரவில்லை என்றால் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஏறி வந்துவிட வேண்டும்.

அப்பா இறங்குவதற்கு முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வார். கம்பெனியில் அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. "ஆறாவது மாடியில மாட்டிக்கிச்சு, ஸ்தோத்திரத்தை அனுப்பு" என்பார்கள். ஸ்தோத்திரத்துக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றும் சொல்வார்கள்.

"ஒத்தச் செருப்புச் சத்தம்தான் கேட்டுச்சு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். "போகலாமா வேண்டாமான்னு நின்னியா?"

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"எனக்குந்தான்."

"உங்களுக்கா?"

"குழியில எறங்குற ஒவ்வொரு நாளும். உங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஹெல்மெட்டை எதுக்குக் கழட்டுனேன்னு நெனச்ச? பக்தியிலயா? பயத்துலம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி மூச்சு திணறியது. அவள் ஓடிப் போய்த் தலையைத் தூக்கிப் பிடித்து, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். மூச்சு நிதானப்பட்ட பிறகுதான், தான் அறைக்குள் வந்துவிட்டிருப்பதைக் கவனித்தாள்.

"ஒரு நாள் நெட்டை டீ குடிக்கப் போயிட்டான்" என்றார் விட்டு விட்டு. நெட்டை, மேலே காவல் நிற்கிற அவருடைய கூட்டாளி. "நான் கீழ. ஆள் இருக்கா, ஆள் இருக்காங்குறேன், பதிலே இல்ல. ஏணியில கால வைக்க முடியல, கிடுகிடுன்னு ஆடுது. ஆண்டவரே, நீங்களாவது இருக்கீங்களான்னு கேட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"சத்தமெல்லாம் ஒண்ணும் வரல. கால் ஆடுறது நின்னுச்சு. ஏறி வந்துட்டேன். அன்னைலருந்துதான் அந்த ஸ்தோத்திரம்."

"நெட்டை மாமாவத் திட்டலயா?"

"திரும்பி வந்தவன் மூஞ்சியப் பாத்தேன். என்னை விட அவன்தான் நடுங்கிட்டு நின்னான். என்னத்தத் திட்டுறது."

மேசை மேல் இருந்த பஞ்சுப் பொட்டலத்தை அவள் நேராக வைத்தாள், மறுபடி நகர்த்தி வைத்தாள்.

"அம்மா போன அன்னைக்கு நான் கடைக்குப் போகலப்பா."

"தெரியும்."

"எப்படி?"

"உன் செருப்புச் சத்தம் மூணாவது மாடிக்கே எறங்கல. லிப்டும் அசையல. படியிலதான் நிக்கிறன்னு தெரியாதா எனக்கு?"

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டா. பாப்பா எங்கன்னா. கூப்பிடுற தூரத்துலதான் இருக்கான்னேன். சரின்னு தலைய ஆட்டினா."

"அப்ப ஏன்பா கூப்பிடல?"

அப்பா வெகு நேரம் மூச்சு வாங்கினார். "பயந்து நிக்கிறவங்கள அதட்டிக் கூப்பிடக் கூடாதும்மா. தானா வருவாங்க."

அவள் போர்வையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஆறு வருடத்து அழுகை. அப்பா கையைத் தூக்க முயன்றார். முடியாமல் விரல்களை மட்டும் அசைத்தார்.

"ஒரு ஜெபம் பண்ணு."

"எனக்கு வராதுப்பா. காலையிலதான் போதகர் வந்து பண்ணிட்டுப் போனாரே."

"அவர் நீளமா பண்ணாரு. பாதியில தூங்கிட்டேன். நீ சின்னதா பண்ணு."

கண்ணை மூடினாள். மனசுக்குள் ஒரு வார்த்தையும் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் யாரோ சொல்வதற்கு ஆமென் சொல்லியே பழக்கம். கடைசியில், "ஆண்டவரே, இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கீழே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். வேறு சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பயம் போகவில்லை. அவளும் போகவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சில்லிட்ட அந்தப் பாதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமென்" என்றார் அப்பா.

இரண்டரை மணிக்கு மேல் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. ஒரு தடவை கண்ணைத் திறந்து, "தம்பி?" என்றார். அந்த நேரம் பார்த்து லிப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது.

"வந்துட்டான்பா. லிப்ட்ல ஏறிட்டான். இதோ வரான்."

அப்பா காது கொடுத்துக் கேட்டார். லிப்ட் நின்றது.

"மூணு" என்றார். கடைவாயில் லேசாகச் சிரிப்பு.

அவரிடம் போய் லிப்டைக் காட்டிப் பொய் சொல்லப் பார்த்தோமே என்று அவளுக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. "ஆமாப்பா, மூணாவது மாடிதான். அவன் வர இன்னும் நேரமாகும். நான் இருக்கேன்."

"ஆள்..."

"இருக்கேன்பா."

பிறகு உதடு மட்டும் அசைந்தது. "இருக்கேன்" என்றாள். அதற்கும் பிறகு உதடும் அசையவில்லை. நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கியது. அடுத்த தடவைக்காக அவள் காத்திருந்தாள். ஏறவில்லை. யாரும் கேட்காமலே இன்னும் இரண்டு தடவை "இருக்கேன்பா" என்று சொன்னாள். பிறகு எழுந்து, தன் கையாலேயே அவர் கண்களை மூடினாள். இமைகள் இன்னும் சூடாக இருந்தன.

நான்கு மணிக்கு வந்த நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எப்பக்கா?" என்றாள்.

"மூணு இருபது. தம்பிக்குப் போன்ல சொல்லிட்டேன்."

ஐந்து மணி இருக்கும். லிப்ட் நான்காவது மாடியில் நின்றது. யாரோ தடுக்கிச் சமாளித்த சத்தம் கேட்டது. தம்பி ஷூவோடு கூடத்தில் வந்து நின்றான். ஒரு லாரிக் கம்பெனியில் நூறு டிரைவர்களை மேய்க்கிறவன், ஊரே திரும்பிப் பார்க்கிற குரல். இப்போது கார்ச் சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றான். அறைப் பக்கம் பார்வையே போகவில்லை.

"என்னைக் கேட்டாராக்கா?"

"கேட்டாரு. வந்துக்கிட்டு இருக்கன்னு சொன்னேன்."

தலையை ஆட்டினான். இரண்டடி அறையை நோக்கி வைத்தான். பிறகு சட்டைப்பையைத் தடவினான்.

"அக்கா, சார்ஜர் கார்லயே இருக்கு. போன் செத்துடுச்சு. எல்லாருக்கும் சொல்லணும்ல. ஓடிப் போயி எடுத்துட்டு வந்துடுறேன்."

அவன் கையில் இருந்த போன் வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

"சரிடா" என்றாள். "மெதுவா வா. நான் இங்கதான் இருக்கேன்."

அவன் போனான். கதவைச் சாத்தாமல் நிலையருகில் நின்றுகொண்டு அவள் காது கொடுத்துக் கேட்டாள். லிப்ட் அசையவில்லை. ஷூச் சத்தம் படியில் இறங்கியது. பத்துப் பன்னிரண்டு படி. படி திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டது.

உள்ளே நர்ஸ் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "தம்பியக் கூப்பிடட்டுமாக்கா?" என்றாள்.

"வேண்டாம். வருவான்."

வெகு நேரத்துக்குப் பிறகு கீழேயிருந்து அவன் குரல் வந்தது. சின்ன வயதில் இருந்த குரல்.

"அக்கா?"

"இருக்கேன்டா."

ஒரு படி ஏறிய சத்தம் கேட்டது. சற்று நின்று, இன்னொரு படி.